மேடை ஏறாத சங்கீதம்

பாட்டையே ஜீவனோபாயமாகக் கொள்ளாமல், வேறு ஏதோ ஓர் உத்தியோகத்தில் அமர்ந்து, மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும் ஸ்ருதி சேர்த்துக்கொண்டு பாடுகிறவர்களும், வீணையின் உறையைக் கழற்றி இரண்டு வர்ணங்கள் வாசித்துவிட்டு மறுபடியும் உறையிட்டு அதைச் சுவரோரம் சாத்துகிறவர்களும் நம் தேசத்தில் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். இவர்கள் தம்முடைய பாட்டைப் பிறர் செவிக்குக் கொண்டுபோகலாமா, கொண்டுபோவதானால் எந்த அளவில், எந்தச் சாதனத்தின் மூலம், எப்படிப்பட்டவர்கள் முன்னிலையில் என்பது பார்வைக்குச் சிறிய கேள்வியாகவே தோன்றும். ஆயினும் கர்நாடக சங்கீதத்தின் சென்ற நூற்றைம்பது வருஷ சரித்திரத்தை இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு புரட்டிப் பார்த்தால், வித்வான்களின் பெயர்களாலேயே எழுதப்பட்ட அந்தச் சரித்திரத்தின் பல அத்தியாயங்களுக்குப் பின்னால், கச்சேரி செய்யாத யாரோ ஒருவரின் கை இருப்பது புலப்படும்.

இப்படிப்பட்டவர்களைக் குறிக்க நம் பாஷையில் ஒரு தனிச் சொல் நிலைபெறவில்லை. நாடகக்காரர்களுக்கு அந்தக் குறை இல்லை. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையை ஏற்படுத்தி, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஊதியம் கருதாமல் வேஷம் கட்டிக்கொண்டு மேடை ஏறத் தொடங்கிய காலத்திலிருந்து 'அமெச்சூர்' என்ற சொல் அவர்களுக்குள் வழங்கி வருகிறது. பிரெஞ்சு மொழியில் அதன் மூலப்பொருள் பிரியமுடையவன் என்பதே. சங்கீத உலகத்திலோ ரசிகர் என்றால் கேட்பவர், ஞானஸ்தர் என்றால் தெரிந்தவர். பிரியத்தினால் பாடுகிறவர் என்ற அர்த்தம் இவ்விரண்டில் எதிலும் முழுமையாக இல்லை. அபிமானிகள் என்ற பழைய சொல்லையே இக்கட்டுரையில் அவர்களுக்கு வழங்குகிறேன்.

அபிமானி தன் பாட்டை வெளியே கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் தரப்பை முதலில் கேட்பது நியாயம். ஏனென்றால் அதில் அகம்பாவம் மட்டுமே இருப்பதாக நினைப்பவர்கள் அதைச் சரியாகக் கேட்கவில்லை என்பது என் அபிப்பிராயம். நாகஸ்வரமும் வீணையும் பரதமும் பரம்பரைத் தொழிலாக விளங்கிய குடும்பங்களில், ஒரு குழந்தை விடியற்காலையில் அகார சாதகம் தொடங்கிப் பத்து வருஷம் உழைத்த பிறகே நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கும். பாடாந்தரம் என்பது அங்கே குடும்பச் சொத்து. ஒரு கீர்த்தனத்தின் ஒரு சங்கதியை அந்நியருக்குச் சொல்லிக்கொடுப்பது, வீட்டுப் பத்திரத்தைக் கைமாற்றிக் கொடுப்பதற்குச் சமானம். வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுனிலிருந்த தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, அதைக் கேட்க வந்த பெரிய வித்வான்களும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்றால், அந்த நிசப்தத்திற்கு ஒரு விலை இருந்தது. அதை அவர் தம் சாதகத்தினால் கொடுத்திருந்தார். அப்படிப்பட்ட கலையை, சரளி வரிசையைத் தாண்டிச் சில மாதங்களே ஆன ஒருவர் ஊருக்கு முன்னால் எடுத்து வைப்பது அந்த உழைப்புக்கே அவமரியாதை என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. அதோடு, சங்கீதத்தினால் வயிறு வளர்க்க வேண்டியவருக்கு எதிரில், வேறு சம்பளம் வாங்குகிறவர் இலவசமாகப் பாட வந்து நிற்பது பிழைப்பையும் தொடும் விஷயம்.

ஆனால் இதே காவேரிக் கரையில், இதற்கு நேர் எதிரான இன்னொரு மரபும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. பஜனை சம்பிரதாயத்தில் பாடுகிறவர் வேறு, கேட்கிறவர் வேறு என்ற பேதம் இல்லை. பாகவதர் ஒரு வரியை எடுத்துக்கொடுக்க, குரல் உள்ளவனும் இல்லாதவனும் அதைத் திருப்பிச் சொல்வதுதான் அதன் வழக்கம். மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் அந்தச் சம்பிரதாயத்துக்கு ஒழுங்கு செய்து வைத்த பிறகு, கிராமத்துக்குக் கிராமம் ராதா கல்யாணத்தில் பாடியவர்கள் பெரும்பாலும் கணக்குப் பிள்ளைகளும் மிராசுதார்களும் பள்ளிக்கூட உபாத்தியாயர்களுமே. தியாகராஜ சுவாமிகளையே எடுத்துக்கொண்டாலும், தமக்கு எட்டிய ராஜ சம்மானத்தை விலக்கி உஞ்சவிருத்தியில் ஜீவித்த அவரை எந்த இனத்தில் சேர்ப்பது? சங்கீதத்தைத் தொழிலாகக் கொள்ளாதவரே அதன் சிகரமாக நிற்கும் ஒரு கலையில், தொழில்முறை அல்லாதவர் எல்லோரையும் ஒரேயடியாக அந்நியராகக் கருதுவது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை.

சுவாமிகளின் கீர்த்தனங்கள் நமக்கு வந்து சேர்ந்த வழியையும் சற்று நின்று பார்க்க வேண்டும். சௌராஷ்டிர நெசவாளர் குலத்தில் பிறந்த வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரும் அவர் குமாரர் கிருஷ்ணசுவாமி பாகவதரும் எழுதி வைத்த சுவடிகளும் நோட்டுப் புத்தகங்களும் மதுரை சௌராஷ்டிர சபையில் இன்றும் ஆராய்ச்சிக்கு ஆதாரமாக இருக்கின்றன. அந்தக் கிருஷ்ணசுவாமி பாகவதரிடம் கீர்த்தனங்களைக் கேட்டு எழுதியவர்களில் ஒருவர் ஏ. எம். சின்னசுவாமி முதலியார். சென்னை அரசாங்கக் காரியாலயத்தில் உத்தியோகம் பார்த்தவர், மதத்தால் கத்தோலிக்கர், மேடை வித்வான் என்று அவரை யாரும் சொல்லவில்லை. வாய்மொழியாகவே வழங்கிய கீர்த்தனங்களை ஐரோப்பிய ஸ்வரலிபியில் எழுதி, 1890-களின் தொடக்கத்தில் மாதந்தோறும் அச்சிட்டு உலகுக்கு அளிக்க முற்பட்ட அவருடைய பிரயத்தனம் அவர் செல்வத்தையும் கண்பார்வையையும் தின்றது. இராகத்தின் அசைவுகளை ஐந்து கோடுகளுக்குள் அடைக்க முடியுமா என்ற சந்தேகம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இருப்பினும், எட்டயபுரத்திலிருந்த சுப்பராம தீட்சிதர் தம் குலதனமான கீர்த்தனங்களை வெளியிட வேண்டும் என்று முதலியார் விடாமல் வற்புறுத்தியதும், எட்டயபுரம் அரசர் அதற்குப் பொருளுதவி செய்ய முன்வந்ததும், முடிவில் 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சேறியதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனங்களைப் பாடுகிற ஒவ்வொரு வித்வானும் அந்த நூலுக்குக் கடமைப்பட்டவர். அந்த நூலுக்குப் பின்னால் நிற்பவர் பைல்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் உத்தியோகஸ்தர்.

தஞ்சாவூரில் மருத்துவத் தொழில் செய்துகொண்டிருந்த ஆபிரகாம் பண்டிதரையும் (1859–1919) இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். மூலிகைகளில் சம்பாதித்ததைச் சங்கீதத்தில் செலவிட்டு, 1912 முதல் தம் ஊரில் சங்கீத மகாநாடுகளைக் கூட்டி, வித்வான்களைத் தம் செலவில் வரவழைத்து உபசரித்து, சுருதிகள் எத்தனை என்ற வாதத்தை எழுப்பி, 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். 1916-ல் பரோடாவில் கூடிய அகில இந்திய மகாநாட்டில் தம் கொள்கையை நிலைநாட்ட அவர் அழைத்துப்போனது தம் குமாரத்திகளையே. அவருடைய சுருதிக் கணக்கை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் சங்கீதத்தைப் பற்றி ஒரு பொது மன்றத்தில் உட்கார்ந்து வாதிக்கலாம் என்ற பழக்கத்தையே நமக்கு ஏற்படுத்தியவர்களில் அவர் முன்னோடி. சாகித்யம் செய்தவர்களிலும் இப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்துகொண்டே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைப் பாடினார். பெரியசாமித் தூரன் கலைக்களஞ்சியத்தைப் பதிப்பித்துக்கொண்டே கீர்த்தனங்கள் இயற்றினார். மதுரையில் அம்புஜம் கிருஷ்ணா தாம் எழுதிய சாகித்யங்களை வித்வான்களிடம் ஒப்படைத்து மெட்டமைக்கச் செய்தார். ஒருவர் தாம் படைத்ததைத் தம்மைவிடத் தேர்ந்தவர் கையில் கொடுத்துவிடுவதும் பகிர்தலில் ஓர் உயர்ந்த முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

சபாக்கள் என்ற ஏற்பாடும் இவர்களுடைய சிருஷ்டியே. கோயிலும் அரண்மனையும் ஜமீனும் தளர்ந்த பிறகு, டிக்கெட் வாங்கிக் கேட்கும் மத்தியதர வகுப்பாரை நம்பி வித்வான்கள் ஜீவிக்க வேண்டிய காலம் வந்தது. அப்போது வக்கீல்களும் டாக்டர்களும் தலைமையாசிரியர்களும் கூடி வாடகைக்கு இடம் பிடித்து, பெஞ்சு போட்டு, கச்சேரிகளை நடத்தினார்கள். 1927-ல் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபோது உடன் நடந்த சங்கீத மகாநாட்டின் தீர்மானத்தால் 1928-ல் மியூசிக் அகாடமி தோன்றியது. இராக லக்ஷணங்களை நிர்ணயிக்க அங்கே கூடிய சதஸ்களில் வித்வான்களோடு சரிசமமாக அமர்ந்து வாதம் செய்தவர்களில் வக்கீல்கள் பலர்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அபிமானிகளின் உற்சாகம் எல்லாருக்கும் நன்மையாகவே முடிந்துவிடவில்லை. சபாவை நடத்தியவர்கள் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களோ, அந்தச் சமூகத்தின் ருசியும் ஆசாரமும் மேடையின் சட்டங்களாயின. நூற்றாண்டுகளாகக் கலையைக் காத்த தேவதாசி குலத்துப் பெண்களும் நாகஸ்வரக்காரர்களும் தாங்கள் வளர்த்த வீட்டின் திண்ணையிலேயே நிற்கும்படி ஆயிற்று. ஒரு கலையின்மேல் வைக்கும் பிரியம், அதை ஏற்கெனவே உடையவர்களிடமிருந்து வாங்கிக்கொள்வதாகவும் மாறக்கூடும். இந்தப் பரம்பரையினரின் பாட்டை நாம் இன்று பழைய இசைத்தட்டுகளில் தேடித் தேடிக் கேட்கிறோம். அவர்கள் மேடையில் இருந்தபோது நம் முன்னோர் எத்தனை பேர் அவர்களைத் தக்கபடி கௌரவித்தார்கள் என்ற கேள்வி மனத்தை உறுத்தாமல் இருக்காது.

வீடுகளுக்குள் நடந்த சங்கீதம் தனி அத்தியாயம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெண் குழந்தைகளுக்குப் பாட்டு வாத்தியார் வைப்பது நடுத்தர வகுப்பில் பரவியது. காரணம் பல சமயம் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒரு கீர்த்தனம் பாட வேண்டும் என்பதுதான். கல்யாணம் ஆனவுடன் ஆர்மோனியப் பெட்டி பரணுக்குப் போய்விடும். ஆயினும் நவராத்திரி ஒன்பது நாளும் கொலுவுக்கு வந்தவர்கள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளும் முன்னர் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்ற வழக்கம் இருந்ததனால், அந்தப் பாட்டு முழுவதும் மறந்துபோகவில்லை. கொலுவின் எதிரில் விரித்த ஜமக்காளம்தான் அவர்களுடைய மேடை. பாட்டு முடிந்ததும் "இந்த அனுபல்லவியை எங்கள் வாத்தியார் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தாரே" என்று இன்னொருத்தி பாடிக் காட்டுவதுதான் அவர்களுடைய விமர்சனம். தாலாட்டு, ஊஞ்சல், லாலி, கும்மி, மங்களம் என்று சபா மேடையில் இடம்பெறாத எத்தனையோ உருப்படிகள் இந்த ஜமக்காளத்தின் மேலேயே உயிரோடு இருந்தன. 1932-ல் டி. கே. பட்டம்மாள் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் கச்சேரி செய்தபோது அது ஒரு துணிவான செயலாகக் கருதப்பட்டதென்றால், அவரைப் போலவே பாடக்கூடிய எத்தனை பெண்கள் அந்தப் படியைத் தாண்ட முடியாமல் நின்றிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். என் பாட்டி அவர்களில் ஒருத்தி. அவள் பாட்டுப் பாடி நான் நேரில் கேட்டதில்லை. ஆனால் வீட்டில் யார் பாடினாலும் அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும்.

ரேடியோவின் கதை அபிமானிகளிடமிருந்தே தொடங்குகிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1924 மே 16-ம் தேதி சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவருடைய நண்பர்களும் சென்னை ராஜதானி ரேடியோ கிளப்பை ஸ்தாபித்து, அவ்வருஷம் ஜூலை 31 முதல், ஒரு சிறிய ஒலிபரப்பியைக் கொண்டு பாட்டையும் பேச்சையும் ஆகாயத்தில் அனுப்பினார்கள். பணமுடையால் 1927-ல் அது நின்றது. அந்தக் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை நகரசபை 1930 முதல் ஒலிபரப்பை நடத்தி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஜனங்களைக் கேட்கச் செய்தது. 1938-ல் அகில இந்திய ரேடியோ அந்தப் பொறுப்பை ஏற்றது. மறு வருஷம் திருச்சி நிலையம் பிறந்தது. நிலையத்துக்குத் தினந்தோறும் பல மணி நேரம் பாட்டு வேண்டியிருந்ததனால், பிரசித்தி பெறாதவர்களுக்கும் கால் மணியும் அரை மணியும் கிடைத்தன. 1952-ல் மத்திய மந்திரி பி. வி. கேஸ்கரின் காலத்தில் குரல் பரீட்சையும் 'கிரேடு' முறையும் வந்தபோது வித்வான்களிடையே எழுந்த கண்டனம் சிறியதன்று. ஆனாலும் ஒரு பாங்கு குமாஸ்தாவோ பள்ளி ஆசிரியையோ, முகம் தெரியாத நடுவர்கள் முன்னால் பாடி 'பி' கிரேடு வாங்கி, வருஷத்தில் சில தடவை ஒலிபரப்பாவது என்பது பல குடும்பங்களில் பட்டம் பெறுவதற்கு ஒப்பான கௌரவமாக இருந்தது. கடிதம் போட்டு உறவினருக்கெல்லாம் தேதியும் நேரமும் தெரிவிப்பார்கள். அந்த நேரத்தில் தெருவில் நாலு வீட்டு ரேடியோ ஒரே குரலைப் பேசும்.

இசைத்தட்டு அபிமானிகளுக்கு எட்டாத சாதனம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகம், செலவு கம்பெனியுடையது, விற்பனை நிச்சயமாக இருந்தால்தான் குரலைப் பதிப்பார்கள். அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

காந்த நாடா வந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து, வெளிநாடு சென்று திரும்பியவர்கள் கொண்டுவந்த ஸ்பூல் டேப் ரிகார்டர்கள், கனத்த பெட்டிகளாக, சென்னை வீடுகளின் கூடங்களில் இடம்பிடித்தன. 1200 அடி நாடாவை விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓட்டினால் 32 நிமிஷம் பதியும்; குரல் தெளிவாக இருக்கும். பாதி வேகத்தில் ஓட்டினால் 64 நிமிஷம் கிடைக்கும்; தெளிவு குறையும். நாடாவோ விலை உயர்ந்தது. நாலு மணி நேரக் கச்சேரியை இருக்கிற இரண்டு ஸ்பூலுக்குள் அடக்க வேண்டிய ரசிகர், எதை விடுவது என்று அந்தக் கணத்திலேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் தனி ஆவர்த்தனத்தை விட்டார்கள். அதனால்தான் அக்காலத்து மகத்தான மிருதங்க வித்வான்கள் சிலரின் வாசிப்பு, பாட்டுக்குப் பக்கவாத்தியமாக மட்டும் நமக்கு எஞ்சியிருக்கிறது. ரசிகரின் சிக்கனம் சரித்திரத்தின் வடிவத்தையே திருத்திவிட்டது.

பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் அறிமுகப்படுத்திய கேஸட், 70-களின் இறுதியிலிருந்து சிங்கப்பூர்ப் பயணிகளின் பைகளிலும் வளைகுடாவில் வேலை பார்த்தவர்களின் பெட்டிகளிலும் ஊர் வந்து சேர்ந்தபோது, இந்தப் பழக்கம் கூடங்களிலிருந்து தெருக்களுக்கு இறங்கியது. பக்கத்துக்கு 45 நிமிஷம் என்பதால், 46-வது நிமிஷத்தில் அறுந்து நிற்கும் நிரவல்களைக் கேட்டே வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. ஒன்றிலிருந்து ஒன்று பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் மிகுந்தது. கருவிகளின் வேகம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் ஸ்ருதியும் மாறியது. நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினாலே ஸ்ருதி அரைக் கட்டை உயர்ந்துவிடும். ஒரு பெரியவர் இரண்டரைக் கட்டையில் பாடினாரா மூன்றில் பாடினாரா என்ற சர்ச்சைக்கு, சில இடங்களில், யாரோ ஒருவர் வீட்டுக் கருவியில் தளர்ந்துபோன ரப்பர் வாரே காரணம். இவ்வளவு குறைகளுக்கு நடுவிலும் ஒன்று நிச்சயம்: சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக் கச்சேரிகளை, அவற்றின் விஸ்தாரத்தோடும் வேர்வையோடும் நாம் கேட்க முடிவது, கம்பெனிகள் மூன்று நிமிஷத்துக்கு வெட்டிக்கொடுத்த தட்டுகளால் அன்று, வானொலிக் களஞ்சியத்தோடு, நாடாக்களை ஈரமும் பூஞ்சையும் அண்டாமல் பீரோவில் வைத்துக் காத்து, கேட்டு வந்தவருக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்த ரசிகர்களாலேயே.

அவர்கள் செய்தது முழுவதும் முறையானதா? வித்வானின் அனுமதி இல்லாமல், துணிப்பையில் மறைத்த கருவியில் பதிவு செய்தவர்கள் உண்டு. தம் பாட்டின்மேல் பாடகருக்குள்ள உரிமையை நம் சட்டம் 1994-ல் செய்த திருத்தத்தினால்தான் தனியாக அங்கீகரித்தது; அதற்கு முன்னும் தர்மம் என்று ஒன்று இருக்கவே செய்தது. தொண்டை சரியில்லாத ஒரு நாளில் பாடியது தம் பெயரோடு என்றென்றைக்கும் சுற்றிக்கொண்டிருப்பதை எந்தக் கலைஞர்தான் விரும்புவார்? அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அப்படியிருந்தும், காசுக்கு விற்காமல், பெயரையும் தேதியையும் மாற்றாமல், கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பியவருக்கு மட்டும் கொடுத்த ரசிகரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்றவர்களைப் பற்றி அந்தத் தயக்கம் இல்லை.

நாடா இன்னொரு காரியமும் செய்தது; இக்கட்டுரையின் கேள்விக்கு அதுவே முக்கியம். மனிதன் தன் பாட்டைத் தானே கேட்கும்படி ஆயிற்று. பாடும்போது நம் குரல் எலும்பின் வழியாகவும் செவியை எட்டுவதனால், அது இருப்பதைவிடக் கனமாகவும் இனிமையாகவும் நமக்குக் கேட்கிறது. கருவியில் முதல் தடவை கேட்கிறவர் திடுக்கிடுகிறார், "இது நானா?" என்கிறார். தாரஸ்தாயி ஷட்ஜம் எட்டாமல் நிற்பதும், மூன்றாவது சங்கதியில் காலப்பிரமாணம் ஓடுவதும் ஐயமறப் புலப்படுகின்றன. குருவின் கண்டிப்புக்கு அடுத்தபடியாகச் சாதகத்துக்கு இவ்வளவு உதவிய சாதனம் வேறில்லை. குரு இல்லாமலே வீணையில் தமக்கென ஒரு வழியை உண்டாக்கிக்கொண்ட எஸ். பாலசந்தரைப் போன்றவர்கள் அபூர்வம். மற்றவர்களுக்குச் செவியைத் திருத்த ஏதாவதொன்று வேண்டும்.

இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவு நிலையம் இருக்கிறது. வர்ணம் கற்ற மாலையிலேயே அதைப் பாடிப் பதிந்து, உறங்கப் போகும் முன் நூறு பேருக்கு அனுப்பிவிடலாம். ஆனால் கைபேசி பேச்சுக்காகச் செய்யப்பட்ட கருவி. சீராகத் தொடரும் ஓசையை இரைச்சல் என்று கருதி அமுக்கும் ஏற்பாடு அதில் உண்டு. நம் சங்கீதத்தில் சீராகத் தொடரும் ஓசை தம்பூரா. 2020-ல் தொற்றுநோய் அஞ்சி எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்ட நாட்களில், திரையின் வழியே பாடம் நடந்தபோது, சிஷ்யை பாடுவது கேட்கிறது, அவள் எந்த ஆதாரத்தின்மேல் பாடுகிறாள் என்பது மட்டும் கேட்கவில்லை என்று எத்தனையோ ஆசிரியர்கள் தவித்தார்கள். ஒலி போய்ச் சேரக் கணப்பொழுது தாமதமாவதால், இருவர் சேர்ந்து ஒரு வரி பாடவும் இயலவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே பாடிப் பதிந்ததைப் பின்னர் ஒட்டிச் சேர்த்தார்கள். குரலைச் சரிசெய்யும் யந்திரங்களோ பியானோவின் பன்னிரண்டு கட்டைகளையே ஸ்வரம் என்று அறிந்தவை. தோடியின் காந்தாரத்தை அவற்றிடம் கொடுத்தால், அதன் அசைவைப் பிழை என்று கருதி நேராக்கிவிடும்.

இவையெல்லாம் நாளடைவில் திருந்தக்கூடிய குறைகளே. எனக்குக் கவலை தருவது வேறொன்று. முன்பு அபிமானியின் பாட்டு, சிறிய வட்டத்தில், அவரைத் தெரிந்த, அவரைவிடச் சற்று அதிகம் தெரிந்த நாலைந்து செவிகளிலேதான் விழுந்தது. பஜனை மடத்து மூத்த பாகவதர், கொலுவுக்கு வந்த மாமி, சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கும் ஞானஸ்தர் ஆகியோரெல்லாம் கேட்பவராக மட்டும் இருந்து விடவில்லை, திருத்துகிறவர்களாகவும் இருந்தார்கள். இப்போது வட்டம் கரைந்து, கேட்பவர் தொகை பெருகி, 'அருமை' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு சொல் திரும்பி வருவதில்லை. பிழையைச் சுட்டிக்காட்டுவது மரியாதைக் குறைவு என்று ஆகிவிட்டது. பக்குவமாகும் வரையில் பாடாதே என்ற பழைய தரப்பையும், எப்படியாயினும் பாடு என்ற புதிய தரப்பையும் நான் ஒருசேர ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் இதுதான். பக்குவம் தனிமையில் வருவதில்லை, பிறர் செவியில் விழுந்துதான் வருகிறது. அந்தச் செவிக்குத் திருத்தும் உரிமை இல்லாவிட்டால் விழுந்தும் பயனில்லை.

திருவையாற்றில் இந்த இரண்டு தரப்புக்கும் இடமிருக்கிறது. பெரிய கட்சி, சின்ன கட்சி, பெண்கள் கட்சி என்று பிரிந்து கிடந்த தியாகராஜ ஆராதனை, 1940-ஐ ஒட்டிய வருஷங்களில் ஒன்றாயிற்று. பெண்கள் அங்கே பாடும் உரிமையைப் பெற பெங்களூர் நாகரத்தினம்மாள் பட்ட பாடும், தம் பொருளைக் கொடுத்து அவர் எழுப்பிய சமாதிக் கோயிலும் தெரிந்தவையே. பகுள பஞ்சமியன்று காலையில் நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும் பஞ்சரத்னத்தை எல்லோரும் சேர்ந்து பாடும்போது, முன்வரிசையில் பிரபல வித்வான்களும் அவர்களுக்குப் பின்னால் பந்தல் கொள்ளாத அபிமானிகளும் அமர்ந்திருக்கிறார்கள். அந்த ஐந்தில் ஒன்றான வராளியைக் குரு நேரில் சொல்லிக்கொடுக்கக் கூடாது, கேட்டே கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அந்தப் பந்தலில் முணுமுணுத்தே அதைக் கற்றவர்கள் பலர். ஆராதனையின் மற்ற நாட்களில், பெயர் கொடுத்த யாரும் சந்நிதியில் சில நிமிஷங்கள் பாடலாம். கரூரிலிருந்து பஸ்ஸில் வந்த பள்ளி ஆசிரியை, பெரிய வித்வான் இறங்கிய அதே மேடையில் ஏறி, ஒரு சிறு கீர்த்தனத்தைப் பாடி, சமாதியைப் பார்த்து நமஸ்கரித்து இறங்குகிறாள். கடல் கடந்து சென்றவர்களும் இந்த அமைப்பைத்தான் எடுத்துச் சென்றார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978-ல் ஒரு மாதாகோயிலின் நிலவறையில் சிலர் கூடித் தொடங்கிய ஆராதனையும், பஞ்சரத்னத்தைச் சேர்ந்து பாடுவதை மையமாக வைத்தே வளர்ந்தது.

ஊர்தோறும், தெருதோறும் அப்படிப்பட்ட சிறிய பந்தல்கள் வேண்டும் என்பதே என் ஆசை. மாதம் ஒருமுறை பத்துப் பேர் ஒரு கூடத்தில் கூடி, ஆளுக்கு ஒரு கீர்த்தனம் பாடி, பதிந்து, உடனே அதைப் போட்டுக் கேட்டு, அங்கேயே பேசிக் கலைந்தால் போதும். பதிவு வெளியே போனாலும் போகட்டும், போகாவிட்டாலும் நஷ்டமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு கேஸட் இருக்கிறது. என் பெரியம்மா காம்போதியில் ஒரு கீர்த்தனம் பாட, பெரியப்பா பதிவு செய்தது. குரல் நடுங்குகிறது, எங்கோ குக்கர் சத்தமிடுகிறது, தெருவில் ஒரு சைக்கிள் மணி. அனுபல்லவியில் ஓரிடத்தில் அவள் நிஷாதத்தைப் பிடித்த விதம் சரியாக விழவில்லை. உடனே அடுக்களைப் பக்கமிருந்து, "அங்கே அப்படி இல்லையடி" என்று பாட்டியின் குரல் கேட்கிறது. அதைத் தொடர்ந்து, தூரத்திலிருந்து, மெலிந்து, ஆனால் ஒரு மயிரிழையும் பிசகாமல், அந்தப் பிடியை அவளே பாடிக் காட்டுகிறாள். ஐந்து விநாடி இருக்கும். பெரியம்மா சிரித்துவிட்டு மறுபடியும் பல்லவியிலிருந்து எடுக்கிறாள். பாட்டியின் பாட்டு எங்களிடம் இருப்பது அவ்வளவுதான்.